1050 டிஐ என்று விற்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு: செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்துக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி சர்வீஸுக்குக் கொண்டுவந்த கார்டு இது. திருநெல்வேலியில் ஒரு கடையில் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்று சொல்லி 4,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸிலும் அந்தப் பெயர்தான் காட்டுகிறது. ஆனால் கேம் லோட் ஆன கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துவிடும். கடையில் போய்க் கேட்டதற்கு, “கார்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஒங்க எஸ்எம்பிஎஸ்தான் பத்தல” என்று சொல்லி, சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தப் பெட்டியையும் ஒன்று தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

கேபிள் செருகும் பக்கத்தைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறது. 1050 டிஐ சிப்பில் அனலாக் அவுட்புட்டே கிடையாது. டிவிஐ-டி, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். கார்டின் உண்மை விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்றே வந்தது. ஷேடர், அதாவது சிப்புக்குள் படத்தைக் கணக்கிடும் சின்னப் பகுதிகளின் எண்ணிக்கை 192. அசல் 1050 டிஐயில் 768 இருக்கும். 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் பயாஸை (கார்டு தன் பெயரையும் விவரத்தையும் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

கேம் படுப்பதற்கும் இதுவே காரணம். பயாஸ் 4 ஜிபி என்று சொல்கிறது, உள்ளே இருப்பதோ 1 ஜிபி மெமரி. அதைத் தாண்டி கேம் எழுதப் போகும்போது கார்டு நின்றுவிடும். எத்தனை எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் சரியாகாது. வல்கன் என்ற கிராபிக்ஸ் மென்பொருள் முறையைக் கேட்கும் கேம்கள் இந்தத் தலைமுறைச் சிப்பில் ஓடவே ஓடாது. என்விடியா தளத்தில் 1050 டிஐக்கென உள்ள புது டிரைவரும் ஏறாது. கடைக்காரர் தானே ஒரு டிரைவரை பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, “அப்டேட் மட்டும் பண்ணிராதீங்க” என்றால் அந்த இடத்திலேயே கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜிபியு-இசட்டை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பென்டிரைவில் எடுத்துப் போய், பணம் கொடுக்கும் முன் கடை சிஸ்டத்திலேயே ஓட்டுங்கள். சிப் பெயர், ஷேடர், மெமரி வகை, பஸ் அகலம் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை) நான்கையும் பாருங்கள். 1050 டிஐ என்றால் சிப் ஜிபி107, ஷேடர் 768, மெமரி ஜிடிடிஆர்5, பஸ் 128 பிட். ஜிடிஎக்ஸ் 1650 என்றால் ஷேடர் 896. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 இருக்க வேண்டும். 2048 காட்டினால் அதற்குக் கீழ் மாடலான ஆர்எக்ஸ் 570 அளவு வேகம்தான் கிடைக்கும், விலையையும் அப்படியே பேசுங்கள். ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு வகை வந்தது. டிடிஆர்4 போட்டதன் மெமரி வேகம் ஜிடிடிஆர்5 வகையில் பாதிகூட இல்லை. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

580, 570 கார்டுகளில் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் அடிபட்டவை நிறைய. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பிறகு மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டி, சூட்டையும் திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் பாருங்கள். ஏசி போட்ட கடையில் 75 டிகிரி காட்டும் கார்டு, சித்திரை வெயிலில் நம்ம ஊர் வீட்டு அறையில் சாதாரணமாக 85-ஐத் தொடும். கடையிலேயே 85 என்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் தேய்ந்திருக்கலாம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பெட்டி மேல் எழுதியிருக்கும் 450 வாட்டை நம்ப வேண்டாம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான். 580 ஒன்றே 185 வாட் கேட்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து கார்டின் 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் உருகிவிடலாம், தொடவே தொடாதீர்கள். தனி பவர் கேபிளே வேண்டாத 75 வாட் 1650தான் பழைய ஆபீஸ் சிஸ்டங்களுக்குப் பாதுகாப்பு.

பில்லில் வெறுமனே ‘கிராபிக்ஸ் கார்டு’ என்று எழுத விடாதீர்கள். மாடல், மெமரி, சீரியல் நம்பர், டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பது எல்லாம் எழுத்தில் வரட்டும். “அண்ணாச்சி, பழக்கத்துக்குத்தானே” என்று துண்டுச்சீட்டோடு வந்தால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஏமாந்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஜிபியு-இசட் திரையையும் கார்டின் சீரியல் ஸ்டிக்கரையும் ஒரே போட்டோவில் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் “இது நாங்க வித்த கார்டே இல்ல” என்பார்கள்.