பெரம்பூரில் சயாமீஸ் குட்டி வாங்கினேன்: நிறத்துக்கு விலை வைக்காத அக்கா

சயாமீஸ் பூனைக்குட்டி தேடுகிறவர்கள், பெரம்பூரில் வீட்டிலேயே பூனை வளர்த்துக் கொடுக்கும் இந்த அக்காவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கம் பூனை வளர்ப்பவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

முதலில் வேறொரு கடைக்குப் போயிருந்தேன். கண் திறந்து சில நாளே ஆன வெள்ளைக் குட்டியைக் காட்டி, "இது லைலாக் நிறம், அபூர்வம்" என்று கூடுதல் விலை கேட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சயாமீஸ் குட்டிகள் எல்லாமே வெளுப்பாகத்தான் பிறக்கும். அவற்றின் உடலில் நிறத்தை உண்டாக்கும் நொதி உடல் சூட்டில் வேலை செய்யாது. பிறந்த பிறகு, சூடு குறைந்த காது, முகம், பாதம், வால் ஆகிய இடங்களில்தான் மெல்ல நிறம் ஏறும். லைலாக் தெளிவாகத் தெரிய இன்னும் தாமதமாகும். பச்சைக் குட்டிக்கு நிறம் சொல்லிக் காசு கேட்பது என்ன நியாயம்?

அக்கா மூன்று மாதம் ஆகாமல் குட்டியைத் தருவதில்லை. தாயையும் தகப்பனையும் காட்டுகிறார். நான் கேட்ட குட்டியை ஜன்னலோரம் மடியில் கிடத்தி, முன்னங்காலைத் திருப்பினார். "வாலை விடுங்கள் தம்பி, உள்ளங்காலைப் பாருங்கள்." சீல் என்றால் கரும்பழுப்பு, ப்ளூ என்றால் சிலேட்டுச் சாம்பல், லைலாக் என்றால் ஊதா கலந்த வெளிர் ரோஜா. எங்கள் குட்டிக்கு இலவங்கப்பட்டையின் பழுப்பு ஓடிய இளஞ்சிவப்பு, ஆகவே சாக்லேட். நான்கு நிறத்துக்கும் ஒரே விலைதான். சென்னைச் சூட்டில், குளிர் தேசத்துப் படங்களில் வருகிற அளவுக்கு உடல் கருக்காது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட்டார்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் கருத்தடை செய்தபோது வயிற்றோரம் முடியை மழித்தார்கள். அங்கே முடி பழுப்பாக முளைத்ததும் வீட்டில் பதறிவிட்டார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன். மழித்த இடம் குளிர்ந்ததால் வந்த நிறம், முடி உதிர்ந்து புதிதாக வளரும்போது வெளுத்துவிடும் என்றார். அப்படியே வெளுத்தது. விற்று முடித்த பிறகும் இவ்வளவு பொறுமையாகப் பேசுபவர்கள் குறைவு.

குறை என்றால் காத்திருப்புதான். குட்டி உடனே கிடைக்காது. தெருவும் குறுகல், கார் நுழையாது. ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போங்கள், கூடையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முன்பணம் எதுவும் கேட்கமாட்டார்.