பச்சைக் கட்டங்களை நம்பி 46,000 ரூபாயை இழந்தேன்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தை முடித்து நேற்று முன்தினம்தான் சென்னை வந்தோம். கூட்டமில்லாத கப்பல் என்று சொல்லி, தி.நகரில் உள்ள ஒரு பயண முகவர் அலுவலகம் என்னிடம் 46,000 ரூபாயைக் கூடுதலாகப் பறித்திருக்கிறது. வேறு யாரும் அங்கே போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. லிஃப்ட் வாசலில் காத்து நிற்கவோ, சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடி அலையவோ அவரால் முடியாது என்பதால், கப்பல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையே முதலில் கேட்டேன். அங்கிருந்த இளைஞர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒன்பதாம் தளத்தின் வரைபடத்தில் வரிசை வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். “பாதிக் கப்பல் காலி சார். ஸ்கூல் திறந்தாச்சு, ஜூன்ல யார் வரப்போறாங்க? உள்ளறை போட்டுட்டு 46,000 கட்டிடுங்க, பால்கனி அறை உறுதி” என்றவர், அம்மாவிடம் திரும்பி, “கடலைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கலாம்மா” என்றார். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அங்கேயே கைப்பேசியில் பணத்தை அனுப்பினேன். ரசீதில் ‘இதர சேவைகள்’ என்று மட்டுமே இருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

திறந்தவை நம் ஊர்ப் பள்ளிகள். சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறைக் காலம். மரினா பே முனையத்தில் பிள்ளை குட்டிகளோடு நின்ற வரிசையைக் கண்டதுமே எனக்கு வயிறு கலங்கியது. ஓர் அறைக்கு இருவர் இருந்தாலே கப்பல் நூறு விழுக்காடு நிரம்பியதாகக் கொள்வது கப்பல் துறையின் கணக்கு. மூன்றாம், நான்காம் படுக்கைகளிலும் ஆள் ஏறினால் அது நூறைத் தாண்டிவிடும். எங்களுக்குக் கிடைத்ததோ ஜன்னலே இல்லாத உள்ளறை. எங்களுடையது ‘கேரண்டி’ பதிவு, அதாவது அறையின் வகை மட்டுமே உறுதி, எந்த அறை என்பதை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் என்றும், பால்கனி அறைக்கு உயர்த்துவதற்கென எந்தத் தொகையும் வரவில்லை என்றும் கப்பலின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அப்படி எண் தராமல் விற்கும் அறைகள் வரைபடத்தில் காலியாகவே தெரியுமாம். யாரோ ஒருவரின் திரையில் நாங்களும் ஒரு பச்சைக் கட்டமாகத்தான் இருந்திருப்போம்!

திரும்பி வந்து கேட்டால், அந்த இளைஞர் விடுப்பில் இருக்கிறாராம். பிறகு, கப்பல்காரர்கள்தான் வாக்குத் தவறிவிட்டார்களாம். மேலாளரோ, “பயணம் போய் வந்தீர்களா இல்லையா?” என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு, அடுத்த துபாய்ப் பயணத்தில் 5,000 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். நான் கேட்பது என் 46,000 ரூபாயை.

நிரம்பலைச் சரிபார்க்கும் முறைகளை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கப்பல் புறப்படும் நாட்டின் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். முகவரின் திரையை நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் பணம் கட்டும் கட்டத்துக்கு முன்பு வரை நீங்களே போய், ஒவ்வொரு வகையிலும் அறை கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஓர் ஊகத்துக்கு மட்டுமே உதவும். அறை எண் எழுத்தில் வராமல், உயர்ந்த வகை அறைக்கு மாற்றுவதற்கென ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த அலுவலகத்தில் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.