எடின்பரோ வினாத்தாளா, பிஎச்க்யூ-9 தாளா?

கர்ப்பிணியின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க மருத்துவர், செவிலியருக்கு இந்த இரண்டு கேள்வித்தாள்களுமே பயன்படும். பிஎச்க்யூ-9 கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கேட்கிறது. தூக்கம், பசி, அசதி எல்லாம் அதில் உண்டு. எட்டாம் மாதத்தில் யாருக்குத்தான் அசதி இல்லை? மனம் நன்றாக இருந்தாலும் மனச்சோர்வு மதிப்பெண் ஏறிவிடும். 1987-இல் வந்த எடின்பரோவின் 10 கேள்விகள் கடந்த 7 நாள் மனநிலையையே துருவுகின்றன: சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்று. பதற்றமும் பிடிபடும். என் ஓட்டு இதற்கே.

இரண்டிலும் கடைசிக் கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் லேசாக ஒரு டிக் விழுந்தாலும், மொத்தம் குறைவுதானே, அப்புறம் பார்க்கலாம் என்று தாளை மூடக் கூடாது. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று அப்போதே நேராகக் கேட்க வேண்டும்.