டீஃபன்பங்கர், கார்ப்: நேட்டோ வாக்குறுதியின் நிலத்தடி முகம்

ஒட்டாவாவுக்கு மேற்கே கார்ப் என்ற சிற்றூரில் 1959 முதல் 1961 வரை கட்டப்பட்ட நான்கு அடுக்கு நிலத்தடி அரணான டீஃபன்பங்கர், இன்று அருங்காட்சியகமாக இயங்குகிறது. அணுப்போர் மூண்டால் கனடா அரசை நடத்த வேண்டிய 535 பேர், வெளியிலிருந்து எந்தப் பொருளும் வராமலே 30 நாட்கள் தாக்குப்பிடிப்பதற்காக எழுப்பப்பட்ட இடம் இது.

நுழைவுச் சுரங்கப்பாதையே என்னை அதிகம் நிறுத்தி வைத்தது. வெடிப்பின் அழுத்த அலை நேராகக் கடந்து போகட்டும் என்பதற்காக, அரணின் கனத்த எஃகுக் கதவுகளைப் பாதையின் முடிவில் வைக்காமல் பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் கதிரியக்கத் தூசியைக் கழுவும் குளியலறை. கீழே போர்க்கால அமைச்சரவை அறை, கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலி நிலையம், மத்திய வங்கியின் தங்கத்துக்கான பெட்டகம். பிரதமரின் படுக்கையறை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

செல்வதற்கு முன் 1963ஆம் ஆண்டு வரலாற்றைப் படித்துவிடுங்கள். போமார்க் என்னும் வான்பாதுகாப்பு ஏவுகணைகளுக்கு அமெரிக்க அணுமுனைகளை ஏற்பதா என்ற சச்சரவில் பிரதமர் டீஃபன்பேக்கரின் அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த பியர்சன் அவற்றை ஏற்றார். கனடா மண்ணிலிருந்து அமெரிக்க அணுமுனைகள் முற்றாக அகன்றது 1984இல்தான். நேட்டோ இராணுவக் கூட்டணியில் நட்பு நாடான அமெரிக்காவின் அணுக்குடையை, அதாவது அதன் அணு ஆயுதப் பாதுகாப்பை, நம்பிய ஒரு நாடு, அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன செய்வது என்பதற்கும் கான்கிரீட் ஊற்றி வைத்திருந்ததை இங்கே நேரில் காணலாம். அவசரப்படாமல் அரைநாளை ஒதுக்கிச் செல்லுங்கள்.