கிரானைட்டை வெட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்: ஹாப் அடுப்பில் நடக்கும் ஏமாற்று

மதுரையில் ஒரு புது வீடு. மாடுலர் கிச்சன் போட்டுக் கொடுத்தவர்களே நாலு பர்னர் ஹாப்பையும் (மேடைக் கல்லை வெட்டி அதற்குள் பதிக்கும் அடுப்பு) சேர்த்து மாட்டிவிட்டுப் போனார்கள். "அக்கா, இது ஃபுல் பிராஸ், இத்தாலி பர்னர். கண்ணாடிக்கு லைஃப்டைம் வாரண்டி. இனிமே அடுப்பு வாங்குற வேலையே உங்களுக்கு இல்ல" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் கண்ணாடி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, அந்த நேரம் அடுப்படியில் யாரும் இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், முதல் கேள்வி "மாடல் நம்பர், சீரியல் நம்பர் சொல்லுங்க" என்பதுதான். பில்லில் "கிச்சன் வேலை, மொத்தம்" என்று ஒரே ஒரு வரி. ஹாப்பின் பெயர்கூட அதில் இல்லை. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை. கிச்சன் போட்டவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். சரி, தொலையட்டும், புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவோம் என்று பார்த்தால், கிரானைட்டில் வெட்டியிருந்த ஓட்டைக்கு அந்த அளவு ஹாப் எதுவும் உட்காரவில்லை.

காலை ஊன்றி மேடைமேல் நிற்கும் சாதாரண அடுப்பு சரியில்லை என்றால், துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக் கடைக்காரன் முன்னால் வைத்துவிடலாம். ஹாப்பில் அது நடக்காது. கிரானைட்டில் பிளேடு இறங்கியதோடு திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டுவிடும். விற்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஹாப்பை முழுதாகக் காட்டாமலே கட்டிங் வேலையை முடிக்க அவசரப்படுத்துகிறார்கள்.

உடைந்த அந்த ஹாப்பைக் கழற்றிப் பார்த்தபோது வெளிவந்தவை ஒவ்வொன்றாக.

முதலில் ஓட்டை. அது 78 செ.மீ. அகல ஹாப். கூட வந்த தாளில் கட்-அவுட் (கல்லில் வெட்ட வேண்டிய ஓட்டை) அகலம் 70 செ.மீ. என்று தெளிவாகப் போட்டிருந்தது. அப்படி வெட்டினால் இரண்டு பக்கமும் 4 செ.மீ. விளிம்பு கல்மேல் உட்காரும். வெட்டியவர் தாளைப் பார்க்கவே இல்லை, 76 செ.மீ. வெட்டிவிட்டார். பக்கத்துக்கு ஒரு செ.மீ. விளிம்புதான் மிச்சம். ஒரு மூலை கல்லில் படவே இல்லை. அந்த இடைவெளியைச் சிலிக்கான் பசையால் அடைத்து மறைத்திருந்தார்கள். டஃபன்டு (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடியின் நடுப்பகுதி நல்ல அடியைத் தாங்கும், ஆனால் அதன் பலவீனமே விளிம்புதான். பத்து லிட்டர் குக்கரின் பாரம் தினமும் ஆதாரமில்லாத மூலைமேல் இறங்கினால், விளிம்பில் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சில்லு ஒருநாள் கண்ணாடி முழுவதையும் தூளாக்கிவிடும். நான்கு மூலையையும் கூர்மையாக 90 டிகிரியில் வெட்டினால் கிரானைட்டும் அங்கிருந்துதான் விரிசல் விடும். மூலையில் முதலில் டிரில் போட்டு வளைவாக்கிவிட்டு, அதன்பிறகு நேர்கோட்டில் வெட்ட வேண்டும். ஹாப்போடு வரும் ஃபோம் பட்டையைத்தான் அடியில் ஒட்ட வேண்டும். சிலிக்கான் போட்டு ஒட்டிவிட்டால், நாளைக்கு சர்வீஸுக்குக் கழற்றும்போதே கண்ணாடி போய்விடும்.

"லைஃப்டைம் வாரண்டி" என்ன ஆனது? அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: கண்ணாடி உடைவது, பர்னர் நிறம் மாறுவது, துரு, தவறாகப் பொருத்தியதால் வரும் சேதம் எதற்கும் பொறுப்பில்லை. வாயால் சொன்ன வாரண்டியை நிரூபிப்பது கடினம்.

அடுத்தது "ஃபுல் பிராஸ்". மேலே தெரியும் வளையம் மட்டும்தான் பித்தளை. அடியில் இருந்த கிண்ணம் அலுமினியக் கலவை, மேலே மஞ்சள் பூச்சு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அலுமினிய உடல் வைத்த பர்னர் மோசம் என்று அர்த்தமில்லை. நல்ல ஐரோப்பிய பர்னர்களிலேயே உடல் அலுமினியம்தான், மேல்மூடி எனாமல் பூசிய இரும்பு. முழுப் பித்தளை என்று காசு வாங்கிக்கொண்டு இதைக் கொடுப்பதுதான் மோசடி. சிலர் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அது பயன்படாது, பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 8.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். ஒரே அளவில் மூன்று மடங்கு எடை வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடிப்பக்கம் யாருக்கும் தெரியாத இடத்தில் கத்தியால் ஒரு கீறல். வெள்ளையாகத் தெரிந்தால் விஷயம் முடிந்தது. "இத்தாலி" ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். நல்ல பர்னர் செய்பவர்கள் தங்கள் பெயரைப் பர்னரின் அடியில் வார்ப்பிலேயே பதித்திருப்பார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது மூன்றாவது. அந்த வீட்டம்மா பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த புகார்: சிம்மில் பால் வைத்தால் தீ தானாக அணைந்துவிடுகிறது. வந்து பார்த்த ஆள் "கேஸ்ல தண்ணி கலந்திருக்கும்" என்று சொல்லிப் போய்விட்டார். காரணம் கீழே இருந்தது. அந்த ஹாப் தனக்கு வேண்டிய காற்றை அடியிலிருந்து இழுக்கும் ரகம். அடியில் இருப்பதோ நான்கு பக்கமும் மூடிய அலமாரி, காற்று வர ஒரு துளை இல்லை. அலமாரிக் கதவை மூடினால் தீ மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். திறந்தால் நீலமாகும். கதவைப் படக்கென்று சாத்தினால் அந்தக் காற்று மேலே வந்து சிம் தீயை ஊதி அணைத்துவிடும். உங்கள் வீட்டிலும் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு பர்னரை சிம்மில் வைத்து, கீழ்க் கதவைத் திறந்து திறந்து மூடுங்கள்.

தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு, அதாவது எஃப்.எஃப்.டி., அந்த ஹாப்பில் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிம் பர்னர் மணிக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் எல்.பி.ஜி. விடும். ஆவியாக அது 12, 13 லிட்டர். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே எல்.பி.ஜி. பற்றிக்கொள்ளும் என்பதால், இந்த 13 லிட்டர் 650 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக்கப் போதும். மேடைக்கடியில் இரண்டு அலமாரி அறை அளவு இடம் அது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடம் தேடி இறங்கும். அதனால் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது, அடி அலமாரிகளிலும் தரையை ஒட்டிக் காற்றுத் துளை இருக்க வேண்டும்.

எஃப்.எஃப்.டி. இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பர்னரின் ஓரத்தில் தீப்பொறி வரும் வெள்ளைப் பீங்கான் முனையைத் தவிர, இன்னொரு உலோகக் குச்சி நிற்க வேண்டும். அதுதான் தெர்மோகப்பிள். பற்றவைக்கும்போது குமிழை அழுத்தியபடி சில நொடி பிடிக்க வேண்டியிருக்கும். எரிந்தபின் ஊதி அணையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து கேஸ் தானாக நிற்க வேண்டும். பற்றவைக்கும் முனையையே எஃப்.எஃப்.டி. என்று சாதிப்பார்கள், சத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

"4.5 கிலோவாட் ஜம்போ பர்னர், ஹோட்டல் ஸ்பீடு" என்பதும் அந்த வீட்டில் சொன்ன வார்த்தைதான். அந்த பர்னர் உண்மையிலேயே 4.5 கிலோவாட் என்றால் மணிக்கு 350 கிராம் கேஸ் குடிக்கும். 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது மணி நேரத்தில் காலி. வீட்டுச் சமையலுக்கு 2.5 கிலோவாட், அதாவது மணிக்கு 200 கிராம் போதும். எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4246 குறைந்தது 68% வெப்பத்திறன் கேட்கிறது, அதாவது கேஸின் வெப்பத்தில் அவ்வளவு பங்கு பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் காற்றடியிலும் சின்னப் பாத்திரத்திலும் அவ்வளவு வராது. 2.5 கிலோவாட் பர்னரில் மூடி போட்ட அகலப் பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் ஏழெட்டு நிமிடத்தில் தளதளவென்று கொதிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆனால், ஒன்று பர்னர் சிறியது, அல்லது ஜெட் (கேஸ் வெளிவரும் சின்னத் துளையுள்ள திருகு) அடைத்திருக்கிறது. அடைத்தால் ஊசியை விட்டுக் குடையும் ஆட்களை வீட்டுக்குள் விடாதீர்கள். துளை பெரிதானால் தீ பெரிதாகும், கூடவே மஞ்சளாகிக் கரியும் அடிக்கும். ஜெட்டை மாற்ற வேண்டும், குடையக் கூடாது. குழாய் எரிவாயு வந்திருக்கும் ஊர்களில் ஜெட்டே வேறு. அதன் அழுத்தமும் கன அளவுக்கான வெப்பமும் குறைவு என்பதால் துளை பெரிதாக இருக்கும். அந்த ஜெட்டோடு எல்.பி.ஜி. கொடுத்தால் தீ ஆபத்தான அளவுக்குப் பெரிதாக எழும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? நம் சமையலுக்கு, அதாவது இட்லிக் கொப்பரை, பெரிய குக்கர், 30 செ.மீ. தோசைக்கல், அவ்வப்போது பொங்கி வழியும் பால், இவற்றுக்கு மேடைமேல் நிற்கும் மூன்று பர்னர் ஸ்டீல் அடுப்பை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை. காற்று எல்லாப் பக்கமும் கிடைக்கும், டிரேயை உருவிக் கழுவலாம். அழகு குறைவு, ஒத்துக்கொள்கிறோம். கட்டாயம் மேடைக்குள் பதிந்த தோற்றம் வேண்டும் என்றால் 'ஹாப் டாப்' பாருங்கள். அதைக் காலோடு மேடைமேலும் வைக்கலாம், வெட்டியும் பதிக்கலாம். சில மாதம் மேலே வைத்துச் சமைத்துப் பார்த்துத் திருப்தியானால் வெட்டிக்கொள்ளுங்கள். நாலு பர்னர் என்று மயங்கவும் வேண்டாம். வீட்டில் உள்ள இரண்டு பெரிய பாத்திரங்களின் விட்டத்தை அளந்து கொண்டுபோய், பர்னரின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். 60 செ.மீ. ஹாப்பில் தோசைக்கல்லும் குக்கரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதிசயம்.

பற்றவைப்பது பாட்டரியா, கரண்டா என்றும் கேளுங்கள். பாட்டரிப் பெட்டி ஹாப்பின் அடியில் இருக்கும். கீழே டிராயருக்கு மேல் பலகை அடித்து மூடிவிட்டால் பாட்டரி மாற்ற ஆசாரியைக் கூப்பிட வேண்டும். கரண்ட் என்றால் மேடைக்கடியில் ஒரு பிளக் பாயின்ட் முன்கூட்டியே வேண்டும்.

இண்டக்‌ஷனில் ஏமாற்று வேறு மாதிரி. "எந்தப் பாத்திரம் வேணா வைக்கலாம் சார்" என்று ஒரு அடுப்பைக் காட்டினால், நம்மூர்க் கடைகளில் அது பெரும்பாலும் இன்ஃப்ராரெட் அடுப்பு. உள்ளே சுருள் செக்கச் சிவந்து ஒளிரும், அணைத்தபின்னும் கண்ணாடி கையைச் சுடும். கெட்டது என்றில்லை, ஆனால் இண்டக்‌ஷன் விலை கொடுக்காதீர்கள், அதன் சிக்கனத்தையும் எதிர்பார்க்காதீர்கள். காந்தம் இங்கேதான் உதவும்: பாத்திரத்தின் அடியில் ஒட்டினால்தான் உண்மையான இண்டக்‌ஷனுக்கு ஆகும். இன்னொன்று, மேலே பெரிய வட்டம் போட்டிருப்பார்கள், உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது 'காயில்', அதில் பாதி அளவுதான் இருக்கும். அகலமான தட்டையான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். குமிழி வரும் வட்டம்தான் 'காயில்' இருக்கும் இடம். தோசை நடுவில் கருகி ஓரத்தில் மாவாக இருப்பதற்கு அதுதான் காரணம். 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும், 16 ஆம்பியர் சாக்கெட் அவசியம். பதிக்கும் ரக நாலு வட்ட இண்டக்‌ஷன் ஏழு கிலோவாட்டைத் தொடும். தனி லைன் இழுக்காமல் மாட்ட வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஹாப்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? கிச்சன் வேலையோடு சேர்க்காமல் தனி ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், அதில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்/எல் எண்ணை இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். வேறு கம்பெனி பெயர் வந்தால் வாங்காதீர்கள். பெட்டியை வீட்டில் பிரித்து, கண்ணாடி விளிம்பு முழுவதும் விரலை ஓட்டிச் சில்லு இருக்கிறதா பார்த்து, மேடைமேல் தற்காலிகமாக கேஸ் கொடுத்து எல்லா பர்னரையும் எரித்துப் பார்த்த பிறகே கிரானைட் மேஸ்திரியை வரச் சொல்லுங்கள். வெட்டும்போது தாளை அவர் கையில் கொடுத்து, மார்க் போட்டதை நீங்களே டேப்பால் ஒருமுறை அளந்துவிடுங்கள். சிலிண்டரிலிருந்து வரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதிலேயே அச்சாகியிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உடைந்த கண்ணாடியைக் கூட்டி எறிவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். ஓட்டையின் அளவு தெரியும்படி டேப்பை வைத்து ஒரு படம், கட்-அவுட் அளவு போட்ட தாளின் படம், விற்றவருடன் பேசிய வாட்ஸ்அப். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அந்த மதுரை வீட்டுக்காரர்களிடம் தனி பில் இல்லை, ஆனால் கிச்சன் கொட்டேஷனில் "4 பர்னர் ஹாப், பொருத்துதல் உட்பட" என்று ஒரு வரி இருந்தது. வெட்டியது யார் பொறுப்பு என்பதற்கு இப்போது அந்த வரிதான் அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம்.