‘டிராவல் ஒர்க் செட்’ வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சீர்செய்த) லேப்டாப், பவர் பேங்க், டைப்-சி கேபிள் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ‘டிராவல் ஒர்க் செட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ‘நாள் முழுக்க பிளக் தேவையில்லை’ என்பது விளம்பரம். அதை வாங்கி ஏமாந்தவன் எழுதுகிறேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார். பொருளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

ஆலைகளுக்குப் போய் இயந்திரங்களைச் சோதித்து அன்றைக்கே அறிக்கை அனுப்புவது என் வேலை. பாதி அறிக்கை ரயிலில், மீதி விமான நிலைய நாற்காலியில். அசுர வேக லேப்டாப் எனக்கு வேண்டாம். பிளக் இல்லாத இடத்தில் தாக்குப்பிடித்தால் போதும். விற்பனையாளரிடம் போனில் இதைத் தெளிவாகவே சொன்னேன். “அதுக்குன்னே போட்ட செட் சார் இது. பவர் பேங்க்லயே லேப்டாப் ரெண்டு தடவ ஃபுல் ஆகும்” என்றார்.

பவர் பேங்க்கின் முகப்பில் கொட்டை எழுத்தில் 50,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண்). அடிப்பக்கம் பொடி எழுத்தில் அவுட்புட் விவரம்: 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர், 12 வோல்ட் 1.67 ஆம்பியர். அதோடு முடிந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். இதில் எந்த ஜோடியைப் பெருக்கினாலும் 15 முதல் 20 வாட் பக்கம்தான் வரும். போனுக்கு அது தாராளம். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்கள் பெரும்பாலும் 20 வோல்ட்டில் 45 அல்லது 65 வாட் கேட்பவை. அவுட்புட் விவரத்தில் 20 வோல்ட் என்ற வரியே இல்லாத பவர் பேங்க்கை ‘லேப்டாப் பவர் பேங்க்’ என்று விற்பதற்குத் தனி தைரியம் வேண்டும்.

சொருகினேன். சார்ஜ் ஏறும் அடையாளமே வரவில்லை. சந்தேகப்பட்டு நண்பரின் 65 வாட் டைப்-சி சார்ஜரை அதே துளையில் போட்டால், அப்போதும் அசைவில்லை. அந்த மாடலில் டைப்-சி போர்ட் டேட்டாவுக்கு மட்டுமே. சார்ஜுக்கு உருண்டை முனை உள்ள பழைய அடாப்டர் தனியாக இருக்கிறது. துளையின் வடிவம் டைப்-சியாக இருப்பதாலேயே சார்ஜ் ஏறும், மானிட்டர் ஓடும் என்று அர்த்தமில்லை. வாங்கப்போகும் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, ‘பவர் டெலிவரி’ (டைப்-சி வழியாக அதிக வாட்டில் சார்ஜ் ஏற்றும் முறை) என்ற சொல் அந்த போர்ட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளும் அப்படித்தான்: 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதற்குள் அடையாளச் சிப் ஒன்று இருக்கும். செட்டில் வந்த கேபிளில் ஒரு எழுத்துகூட இல்லை.

இதையெல்லாம் வீட்டுக்குத் திரும்பியபின் பேசிக்கொள்ளலாம், போனுக்காவது உதவட்டும் என்று பவர் பேங்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பயணம் கிளம்பினேன். விமான நிலையச் செக்யூரிட்டியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அங்கிருந்த அதிகாரி பவர் பேங்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாட்-ஹவர் எங்க போட்டிருக்கு?” பேட்டரியில் மொத்தம் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு அது. எங்கேயும் இல்லை. அவரே போனில் கணக்குப் போட்டார்: 50,000 எம்ஏஎச் என்றால் 50 ஆம்பியர்-ஹவர்; செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 185 வாட்-ஹவர். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை பொதுவாக விடுவார்கள், 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160ஐத் தாண்டினால் பயணியோடு போகவே கூடாது. செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் எந்த அளவானாலும் கூடாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பிடித்து, பவர் பேங்க் மீது சந்தேகம் விழுந்தபிறகு பல இடங்களில் கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. அதற்குள் 185 வாட்-ஹவர் இருந்திருக்கவே முடியாது. விளம்பரப் பக்கத்திலேயே எடை 230 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். பவர் பேங்க்குகளுக்குள் இருக்கும் உருளை வடிவ 18650 ரகத்தில் நல்ல செல் ஒன்று 3,500 எம்ஏஎச் கொடுக்கும். ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். 50,000 வர வேண்டுமானால் அப்படி 14 செல்லுக்கு மேல் வேண்டும். செல்லின் கனம் மட்டுமே 700 கிராமைத் தொட்டுவிடும். 230 கிராமில் அடங்குவது சுமார் 10,000 எம்ஏஎச், அதாவது 37 வாட்-ஹவர். உள்ளதை உள்ளபடி அச்சிட்டிருந்தால் பேசாமல் உள்ளே விட்டிருப்பார்கள். விற்றவன் சொன்ன பொய்க்கு என் பொருள் பறிபோனது.

பவர் பேங்க் வாங்கும்போது எடையைக் கேளுங்கள். எம்ஏஎச்சில் என்ன கதை வேண்டுமானாலும் விடலாம், தராசிடம் கதை எடுபடாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர். விமானத்துக்கும் சிக்கல் இல்லை, 65 வாட் கொடுக்கும் வகையாக இருந்தால் சிறிய லேப்டாப்பை ஒரு முறை நிரப்பவும் போதும். அதில்கூட வோல்ட்டை மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும் என்பதால் முழு 74ஐயும் எதிர்பார்க்காதீர்கள்.

லேப்டாப் கதை இன்னொன்று. வாங்குவதற்குமுன் பேட்டரி நிலையைக் கேட்டேன். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினார். டிசைன் கெபாசிட்டியும் (புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியும் (இப்போதைய கொள்ளளவு) கடைசி இலக்கம்வரை ஒன்றே. சைக்கிள் கவுண்ட், அதாவது எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கு, பூஜ்யம். புது பேட்டரி மாற்றியிருந்தாலும் அப்படி வரலாம்தான். ஆனால் மலிவான மாற்று பேட்டரியில் உள்ள சிப் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லும். விண்டோஸ் அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். ரயிலில் அறிக்கையின் கடைசி அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தபோது மூலையில் 43 சதவீதம் என்று காட்டியது. அடுத்த நொடி திரை கறுத்துவிட்டது. எச்சரிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அடாப்டரில் போட்டு எழுப்பினால் 2 சதவீதம்.

ஆகவே ரிப்போர்ட் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கைக்கு வந்த அன்றே முழுக்கச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி, திரை வெளிச்சத்தைக் கூட்டி, வீடியோ ஓடவிட்டு, 10 சதவீதம்வரை படிப்படியாக இறங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் குதித்தால் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனையை போனில் வீடியோவாகவும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பின் பிராசசர் இன்டெல் ‘ஐ7’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது 7ஆம் தலைமுறை. ஒருசில விதிவிலக்கு தவிர இன்டெலில் 8ஆம் தலைமுறைக்கு முந்தையதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து 11ஐ ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அலுவலகக் கணக்கை அதில் வைக்க எங்கள் ஐடி ஆட்கள் விடவில்லை.

திருப்பித் தருகிறேன் என்று கூப்பிட்டபோது வந்த பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “செட்டா எடுத்தீங்க சார், செட்டா குடுத்தாதான் ரிட்டர்ன். பவர் பேங்க் எங்க?” ஏர்போர்ட்டில் பறிமுதல் என்றேன். “அது எங்க பொறுப்பு இல்ல சார்.” லேப்டாப்பை மட்டும் தருகிறேன் என்றால், ‘செட்’ என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிறகு போனை எடுக்கவே இல்லை. தனித்தனியாக பில் போடாமல் ஒரே வரியில் பில் போடுவது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. அப்படி பில் வந்தால், பணம் கட்டுவதற்குமுன் ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கார்டில் கட்டியதால் வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், 43இலிருந்து அணைவதை மறுபடி ஓட்டி எடுத்த வீடியோ, செக்யூரிட்டியில் கேட்டு வாங்கிய சீட்டு எல்லாம் கொடுத்தாயிற்று, விசாரணை நடக்கிறது. நேற்று பார்த்தபோது அதே படம் வேறு கடைப் பெயரில் இருந்தது. இப்போது 60,000 எம்ஏஎச்சாம். எடை மட்டும் அதே 230 கிராம்.