அப்பாவின் மொறிஸ் மைனர் பிக்கப்: ஏழு வருட ஓட்டம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2018 தை மாதத்திலிருந்து இன்றுவரை 31,000 கிலோமீற்றர். பெரும்பாலும் உரும்பிராய்க்கும் சுன்னாகம் சந்தைக்கும் இடையில்தான். மூன்று தடவை கிளிநொச்சி, ஒரு தடவை வவுனியா. வழியில் நின்றது நான்கு முறை, கயிறு கட்டி இழுத்துவர வேண்டியிருந்தது ஒரே ஒரு முறை. லீற்றருக்குப் பன்னிரண்டரை கிலோமீற்றர் கிடைக்கிறது. இந்த வயது வண்டிக்கு மோசமில்லை.

1959ஆம் ஆண்டு வண்டி. 948 சீசீ ஏ-சீரிஸ் என்ஜின், நான்கு கியர், முதலாம் கியருக்கு (பற்களை இணக்கிவிடும்) சின்க்ரோமெஷ் கிடையாது, நின்றபிறகுதான் போடலாம். அப்பப்பா புதிதாக வாங்கியது. பிறகு அப்பா வெங்காயமும் புகையிலையும் ஏற்றினார். 2006 ஆவணியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டியபோது கொட்டிலுக்குள் போன வண்டி, 2016இல் அப்பா காலமாகும்வரை வெளியே வரவில்லை. கனடாவில் இருக்கும் அக்கா, "வித்துப்போட்டு அந்தக் கொட்டிலையும் பிரி" என்றாள். நானும் அந்த எண்ணத்தில்தான் தகரத்தை விலக்கினேன். கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணத்தது. பத்து வருடம் சும்மா நின்ற வண்டியில்!

யாழ்ப்பாணத்தில் 90களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது அநேகமாக நின்றுபோனது. கிடைத்த கொஞ்சத்துக்கு யானை விலை. அதனால் மோட்டார்சைக்கிளிலிருந்து கார்வரை எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர் என்ஜினில் பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, அதைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா போத்தலுக்கு ஒரு இரும்புப் பிடி அடித்து என்ஜின் அறைச் சுவரில் பூட்டியிருந்தார். அதிலிருந்து ஒரு சலைன் குழாய். மண்ணெண்ணெய் வரும் செப்புக் குழாயைப் புகைக்குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, சூடாகிப் போகும்படி விட்டிருந்தார். என்ஜின் 'டக் டக்' என்று அடிக்காமலிருக்க இக்னிஷன் ரைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

இங்கேதான் என் தலையிடி தொடங்கியது. எல்லாரும் "ஒரிஜினலாகவே வை" என்கிறார்கள். எந்த ஒரிஜினல்? 1959இல் கப்பலில் வந்து இறங்கியதா, 1993இல் சந்தைக்கு ஓடியதா?

கராச் அண்ணைக்கு அந்தக் குழப்பம் இல்லை. "தம்பி, டட்சன் என்ஜின் ஒண்டைத் தூக்கி வைப்பம், கியர் பொக்ஸோட. பறக்கும்" என்றார். பறக்கும்தான். மைனருக்குள் ஜப்பான் என்ஜின் வைப்பது இலங்கையில் புதிதல்ல, அப்படி ஓடுகிற நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால் மைனரின் புகைக்குழாய்ச் சத்தம் வேறு எதற்கும் வராது. கியர் குறைக்கும்போது செருமுகிற அந்தச் சத்தம் சந்தியில் கேட்டால் அம்மா உலையை வைப்பார். நான் மறுத்தேன். அண்ணை ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நெடுநாள் நின்ற என்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்ரார்ட்டரால் சுழற்றக்கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலு நாள் ஊறவிட்டோம். பிறகு முன்னால் கைப்பிடி செருகிக் கையாலேயே சுற்றினோம். ஐந்தாம் நாள் அசைந்தது. கழற்றிப் பார்த்தால் மண்ணெண்ணெய் செய்த வேலை தெரிந்தது. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி என்ஜின் எண்ணெயைத் தண்ணீராக்கிவிடும். சிலிண்டர் துளை தேய்ந்து, கிராங்க் தண்டும் கோடு விழுந்திருந்தது. துளையைப் பெருப்பித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கையும் கடைந்தோம். ஹெட் கழற்றியிருந்த கையோடு எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடின இருக்கைகள் பொருத்தினோம். ஈயம் கலந்த பெற்றோல் 2002இலேயே நாட்டில் நின்றுவிட்டது. பழைய வார்ப்பிரும்பு ஹெட் ஈயமில்லாத பெற்றோலில் மெல்ல மெல்லத் தேயும். வெளியிலிருந்து தெரியாத மாற்றம் என்பதால் மனம் உறுத்தவில்லை.

எதிர்பாராத வில்லன் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குடாநாட்டுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்தலில் படிகிற வெள்ளைப் படையைப் பார்த்தாலே விளங்கும். 47 வருடம் அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் என்ன ஆகும்? நாலாம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற இடமே இல்லை. கம்பியால் கிண்டிக் கிண்டி ஒரு சிரட்டை நிறைய எடுத்தோம். இப்போது கூலன்ற், அல்லது மாரியில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீர். சித்திரை வெயிலில் சுமையோடு போனாலும் சூடு ஏறுவதில்லை.

பிறேக்தான் பொறுமையைச் சோதித்தது. மாஸ்ரர் சிலிண்டரை ஓட்டுநர் காலுக்குக் கீழே சட்டகத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் பெரிய மேதைதான், மினியும் அவர் செய்ததுதான். அந்தச் சிலிண்டரைக் கழற்றிய மூன்று நாளும் நான் அவரைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத முடியாது.

தகடு வேலை பயந்த அளவுக்கு இல்லை. மைனர் காருக்கு உடல்தான் சட்டகம், அடி உக்கினால் கார் முடிந்தது. பிக்கப்புக்குத் தனிச் சட்டகம். அது உக்காததால் தப்பினோம். தளத்தில் இரண்டு இடம் ஒட்டு. மைனரின் தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் இருந்தது, அதனால் கொழும்பில் தேடினால் அகப்படும்.

நிறத்தில்தான் வீட்டுக்குள் சண்டை. மேலே அப்பா தூரிகையால் பூசிய நீலம், கீழே ஒரு பச்சை, அடியில் சாம்பல். "சுரண்டிப் புதுசாக அடி" என்று எல்லாரும். நான் உக்கிய இடங்களை மட்டும் சரிசெய்து, அதே நீலத்தைக் கலந்து தொட்டுவிட்டேன். கிட்டப்போனால் தூரிகை மயிர் ஒன்றிரண்டு ஒட்டியிருப்பது இன்னும் தெரியும். இடப்பக்க முன் மட்காட்டில் ஒரு நெளிவு. 1995 ஐப்பசி 30 இரவு, யுத்தத்துக்கு அஞ்சி எங்கள் வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது ஒரு ட்ரக்டர் பெட்டி இடித்தது. அப்பாச்சி, தையல் மெஷின், இரண்டு ஆடு, நான் எல்லாம் பின்பெட்டியில். நடந்து போனவர்கள் எங்களை முந்திப் போனார்கள். டிங்கர் வேலை செய்தவர் சுத்தியலோடு வந்து நின்றபோது, அதைத் தொடவேண்டாம் என்றேன்.

போத்தல் பிடியும் அப்படியே இருக்கிறது. சுற்றிய செப்புக் குழாயை மட்டும் கழற்றிவிட்டேன். சூடான புகைக்குழாயில் பெற்றோல் குழாயைச் சுற்றுவது தற்கொலை. பிடியில் இப்போது இருப்பது வைப்பர் கண்ணாடி துடைக்கிற தண்ணீர்ப் போத்தல்.

ஓட்டுவது எப்படி? 55, 60இல் சுகம். 70க்கு மேல் போனால் வண்டி கெஞ்சும். ஏ9இல் பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே காதை எடுத்துவிடுவார், ஒதுங்கி விட்டுவிடுவேன். ஸ்ரியரிங் மட்டும் இன்றைய வண்டிகளையும் வெட்கப்பட வைக்கும், அவ்வளவு நேர். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் இழுக்கும் எஸ்யூ பம்ப் 'டிக் டிக் டிக்' என்று அடித்து நிற்கும், அப்புறம்தான் ஸ்ரார்ட்டர். அந்த டிக் வராத இரண்டு தடவை வழியில் நின்றேன். பம்பின் பொயின்றை (மின்சாரம் தொடும் முனையை) தேய்த்துவிட்டால் போதும். கால் மணி நேர வேலை.

கட்டி இழுத்து வந்த கதை வேறு. இந்த வண்டிக்குப் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் உடலோடு சேரும். நான் வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தேன். ஒரு கடையில் புதுப் பற்றறி பூட்டிய பொடியன் வழக்கப்படி மாறிக் கொடுத்துவிட்டான். பிழை அவனுடையது அல்ல, நான் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். இப்போது பற்றறிப் பெட்டியில் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: முன் சில்லுத் தாங்கும் ட்ரனியன்களுக்குக் கிறீஸ் அடிக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒருநாள் சில்லு மடிந்து வண்டி குந்திவிடும். நான் 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடிக்கிறேன். சீற் பெல்ற் பூட்டியதும் ரேடியல் ரயர் போட்டதும் ஒரிஜினல் இல்லைதான், யாரும் திட்டலாம். பின்பக்க ஒயில் கசிவு என்ன செய்தாலும் நிற்காது. அதற்கு நான் காசு செலவழிப்பதை நிறுத்திவிட்டேன், கீழே ஒரு தட்டு வைக்கிறேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது ஒரு பெரியவர் போத்தல் பிடியைக் கண்டு சிரித்தார். "திரும்ப மாத்துமன் தம்பி" என்றார். மாற்றியிருந்தாலும் பயனில்லை, அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் என்பதால் இந்தத் தகரத்துக்கும் நல்ல விலை கேட்டார்கள். அக்காவே, "விக்காத" என்றாள்.

மிச்சமிருக்கும் வேலை கைகாட்டி. திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து எழும்பும் சின்ன மஞ்சள் கை. மினுங்கும் விளக்குகளும் தனியாகப் போட்டிருக்கிறேன், ஆனால் அதை விட மனமில்லை. வலப்பக்கம் ஒழுங்கு. இடப்பக்கம் எழும்பினால் தானாக இறங்காது. மகள் பக்கத்தில் இருந்தால் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு ஒரு தட்டுத் தட்டுவாள்.